நூறு சதுர அடிக்கு ஒரு கிண்ணம்

மே 2, வியாழன்

முதலில் பிள்ளைகள் விவரம். எந்த நோட்டைத் தொடங்கினாலும் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதுவேன்.

மகன் வயிற்றுப் பேரன் பிரணவ் ஜெர்மனியில் மேல்படிப்புப் படிக்கிறான். வகுப்பில் அறுபது பேராம், அதில் இட்லி அவிக்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். அவன் தங்கை ஓவியா பேங்க் பரீட்சையை முதல் தடவையிலேயே தாண்டி விருதுநகரில் வேலை பார்க்கிறாள். என் தங்கை பேத்தி ஐந்து வயதில் மாறுவேடப் போட்டியில் கலங்கரை விளக்கமாக நின்று பரிசு வாங்கினாள். கொழுந்தன் பேரன் மூன்றாம் மாதமே குப்புற விழுந்தான். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு சீக்கிரம் யாரும் விழுந்ததில்லை. மகள் வளர்மதியின் பெண் சம்யுக்தா ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டாள். நீச்சலில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்த பெண்ணுக்குக் கால் நீளம். அது திறமையில் சேராது.

நான் முத்துப்பேச்சி. ஐந்தாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் தெரியும். ஆறாம் வகுப்பில் அதற்கு மேல் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் முப்பத்தொரு வருஷம் அப்பளம் தேய்த்தேன்.

கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. தொண்ணூற்றாறு வீடுகள் உள்ள அடுக்குமாடி. நடுவில் ஒரு நீச்சல் குளம். அது சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. பால்கனியிலிருந்து பார்த்தால், முந்திரிப் பருப்பை யாரோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்த மாதிரி இருக்கும்.

காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கான நேரம். அப்போது குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்று வாங்குவேன். சம்மு சென்னையில் நீச்சல் முகாமில் இருக்கிறாள், ஜூன் ஒன்றாம் தேதிதான் வருவாள். அதுவரை அவளுக்காகக் குளத்தை ஒரு கண் பார்த்துக்கொள்கிறேன். மற்றபடி எனக்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்று படியில் கால் வைத்ததில் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. படி வழுக்குகிறது.

மே 3, வெள்ளி

இன்றும் வழுக்கியது. இடுப்பு வரை.

மே 4, சனி

ஏ பிளாக்கில் ரெஹானா என்று ஒரு பெண் இருக்கிறாள். மூட்டு வலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் அவள் தொழில். காலையில் பெண்களைக் குளத்தில் நடக்க வைக்கிறாள். அவள் பேருக்கு வந்த பார்சலை இன்று நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நீல நிறத்தில் நீச்சல் உடை. கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை, மேலே ஒரு பாவாடை. பெரிய அளவு. ரெஹானாவோ ஊதினால் பறக்கிற உடம்பு.

பத்திரமாக இருக்கட்டும் என்று என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மே 5, ஞாயிறு

மாப்பிள்ளை திருக்குமரன்தான் இந்த வருஷம் சங்கத்துக்குச் செயலாளர். தொண்ணூற்றாறு வீட்டுக்கும் ஒரே செயலாளர். இதை முதல் பக்கத்தில் எழுத விட்டுவிட்டேன். நாற்பத்தாறு வயதானாலும் எனக்கு அவர் சின்னப் பிள்ளைதான்.

குளத்துக்குக் குளோரின் பொடி போடுகிற அந்தோணி இத்தனை நாளும் கண் மதிப்பில் போட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. பொடி டப்பாவில் அச்சடித்திருக்கிறது: நாலடி ஆழத்துக்கு, நூறு சதுர அடிக்கு ஒரு கிண்ணம். நம் குளம் எங்கும் ஒரே ஆழம், நாலடி. பரப்பளவு தெரிந்தால் போதும். கட்டியவரைக் கேட்கலாமென்றால் அவர் தொலைபேசியே எடுப்பதில்லை.

மாப்பிள்ளை கயிறு பிடித்து அளந்தார். நீளமான இடத்தில் அறுபது அடி, அகலமான இடத்தில் முப்பது. பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு. ஆக, தினம் பதினெட்டுக் கிண்ணம். நாளையிலிருந்து அப்படித்தான் போட வேண்டும் என்று அந்தோணியிடம் எழுதியே கொடுத்துவிட்டார்.

"கடிச்ச இடத்தைக் கழிக்க வேணாமா மாப்பிள்ளை?" என்று கேட்க வாய் வரை வந்தது. செயலாளராயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மே 9, வியாழன்

விட்டிருக்கக் கூடாது.

நாலு நாளில் குளத்துப் பக்கம் போனாலே மூக்கு எரிகிறது. பி பிளாக் பிள்ளைகள் எல்லாம் கண் சிவந்து திரிகிறார்கள். ஒரு பையனுடைய பச்சைக் கால்சட்டை வெந்தயக் கலருக்கு வந்துவிட்டது. அவன் அம்மா அதைக் கம்பில் மாட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் காட்டினாள்.

ரெஹானாவின் நீல உடையும் வெளுத்துச் சாம்பல் கலராகிவிட்டது. அலமாரியில் மடித்து வைத்திருந்த உடை எப்படிம்மா வெளுத்தது என்று வளர்மதி கேட்டாள். இந்தக் காலத்துத் துணியே அப்படித்தான் என்று சொன்னேன். என் கண் ஏன் சிவந்திருக்கிறது என்றும் கேட்டாள். வெங்காயம் என்றேன். இன்று நம் வீட்டில் ரசம்.

குளத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மே 10, வெள்ளி

முழங்கால். வேறு ஒன்றும் இல்லை.

மே 12, ஞாயிறு

இன்று குளத்தைப் பற்றிப் பேச நிர்வாகக் குழு கூடியது, நம் வீட்டு வரவேற்பறையிலேயே. நான் காப்பி கொடுக்கப் போனவள், கடைசி டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சி பிளாக்கில் தண்டபாணி சார். ஏதோ நூல் மில்லில் கணக்குப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. அவர் நேற்றே குளத்தின் ஓரமாக, வளைவு வளைவாக, கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்து வைத்திருந்தார். நூற்று எழுபத்தாறு அடி. அதை நாலால் வகுத்தால் நாற்பத்து நாலு. நாற்பத்து நாலை நாற்பத்து நாலால் பெருக்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு சதுர அடி. "வளைஞ்சு கிடக்கறதை நிமிர்த்திச் சதுரமாக்கிட்டோம். அவ்வளவுதானுங்க" என்று பேனாவை மூடினார். அவர் கணக்குப்படி பத்தொன்பது கிண்ணத்துக்கும் மேலே.

பதினெட்டுக்கே கண் போய்விட்டது. அதைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆள் கணக்குக்காரர் என்பதால் ஆட்டியிருப்பார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, குளத்தை ஒரு பெட்டிக்குள்ள வச்சா, பெட்டியே அறுபதுக்கு முப்பதுதான். ஆயிரத்து எண்ணூறு. பெட்டியை விடப் பெருசா குளம் எப்படி உள்ள உக்காரும்?"

"சுத்தளவை நானே கயிறு போட்டு எடுத்தேனுங்கம்மா. கயிறு பொய் சொல்லாதுங்க."

"கயிறு பொய் சொல்லல. எலி கடிச்ச அப்பளத்தைப் பாத்திருக்கீங்களா? கடிக்கக் கடிக்க ஓரம் நீளும், அப்பளம் சின்னதாகும். ஓரத்தை வச்சு அப்பளத்தை அளக்க முடியாதுய்யா."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. தண்டபாணி சார் முகம் இறுகிவிட்டது. நாலு பேர் நாலு கணக்குச் சொல்கிற குளம் நமக்கு எதற்கு, மண்ணைக் கொட்டி மூடிப் பச்சைப் புல் விரிப்புப் போட்டால் பிறந்தநாள் விழாவுக்காவது ஆகும் என்றார். சிரித்தவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். பத்தொன்பதாம் தேதி பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்வதாக எழுதிவிட்டார்கள். குளம் மூடப்பட்டால் செயலாளர் பதவியை விட்டுவிடுவதாக மாப்பிள்ளையும் ரோஷத்தில் சொல்லிவிட்டார்.

எனக்கு என்ன. மூடினால் மூடட்டும். மாப்பிள்ளையின் பதவியையும் சம்முவையும் நினைத்துத்தான் ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மே 13, திங்கள்

மாடிக்கு ஏற லிஃப்ட்டுக்குள்ளேயே நாற்காலி கேட்டேன் என்று வளர்மதி எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு தடவைதான் கேட்டேன்.

மே 14, செவ்வாய்

காலையில் மாப்பிள்ளை சங்கத்து அலமாரியிலிருந்து ஒரு பெரிய வரைபடம் கொண்டுவந்தார். தீயணைப்புக்காகப் போட்டது. அதில் குளத்தின் உருவம் அப்படியே இருக்கிறது, கடித்த இடம் உட்பட. ஆனால் அளவு எழுதவில்லை. ஓர் அங்குலத்துக்கு நாலடி என்று மட்டும் மூலையில் போட்டிருக்கிறது. இதை வைத்து என்ன செய்வது என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டார்.

நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளைவை அளக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே கனமாகத் தேய்க்கத் தெரியும். கனம் ஒன்றாக இருந்தால், பெரிய அப்பளம் அதிக எடை, சின்ன அப்பளம் குறைந்த எடை. இரண்டு மடங்கு பெரிதென்றால் இரண்டு மடங்கு எடை. முப்பத்தொரு வருஷம் இது என் கையில் இருந்திருக்கிறது. குளத்தை அளக்க வேண்டாம், நிறுத்தால் போதும்.

உளுந்து மாவைப் பிசைந்து இடித்தேன். சம்முவின் மரஸ்கேல் இரண்டை இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி வைத்து, அதன் மேலேயே குழவி ஓடும்படி தேய்த்தேன். முதலில் பெட்டி. வரைபடத்தில் அறுபதடி என்பது பதினைந்து அங்குலம், முப்பதடி ஏழரை அங்குலம். அந்த அளவுக்கு நீள்சதுரமாக வெட்டி, மாப்பிள்ளை கோழிக்கறி நிறுத்துச் சாப்பிட வாங்கிய தராசில் வைத்தேன். முந்நூறு கிராம் வரும்வரை விடவில்லை. ஆறு தடவை மாவைத் திரட்டித் திரும்பத் தேய்த்தேன். ஏன் முந்நூறு? ஆயிரத்து எண்ணூறு சதுர அடி முந்நூறு கிராமுக்குள் அடங்கினால், ஒரு கிராமுக்கு ஆறு சதுர அடி. ஐந்தாம் வகுப்பு வகுத்தலுக்கு மீதி வராமல் இருக்க வேண்டும் அல்லவா.

பெட்டி நிறுத்த கையோடு மதுரையிலிருந்து என் நாத்தனார் போன். பிரணவ் பரீட்சை என்னாயிற்று என்று கேட்டாள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா. பிரணவைச் சொல்லி, ஓவியாவைச் சொல்லி, குப்புற விழுந்தவனைச் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம். பிறகு வந்து, வரைபடத்தைப் படியெடுத்த தாளை அந்தப் பெட்டி மாவின் மேலேயே வைத்துக் குளத்தைக் கத்தியால் வெட்டி எடுத்தேன். நூற்று எழுபத்தொரு கிராம். ஆறால் பெருக்கினால் ஆயிரத்து இருபத்தாறு சதுர அடி.

பத்துக் கிண்ணம். முடிந்தது வேலை.

மாப்பிள்ளை சாயங்காலம் வந்து பார்த்தார். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் கணக்கைப் படத்தோடு போட்டார். எழுபத்திரண்டு பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். தண்டபாணி சார் காட்டவில்லை. நாளையிலிருந்து பத்துக் கிண்ணம் போட்டுப் பார்ப்போம், பொதுக்குழுவுக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டால் பேச்சே இல்லை என்று முடிவு.

குளத்தை நிறுத்துப் பார்த்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று நாத்தனாருக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன்.

மே 15, புதன்

குளத்தைச் சுற்றி வெட்டிய மிச்ச மாவை நேற்றே டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். இன்று எடுத்துச் சும்மா நிறுத்தேன். எண்பது. குளம் நூற்று எழுபத்தொன்று. கூட்டினால் இருநூற்று ஐம்பத்தொன்று. பெட்டியோ முந்நூறு. நாற்பத்தொன்பது கிராமைக் காணோம்.

மாப்பிள்ளைக்குப் பச்சை அப்பள மாவு என்றால் உயிர். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்கு வந்தவர், எண்ணெய் தடவின உருண்டை ஆறை ஒரே மூச்சில் விழுங்கியவர். நேராகவே கேட்டேன்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. டப்பாவுல கை வச்சீங்களா?"

"ஒரே ஒரு துண்டு அத்தை. ஓரத்துல. சின்னது."

எவ்வளவு சின்னது என்று கையால் காட்டச் சொல்லி, அதே அளவு வெட்டி நிறுத்தேன். ஐந்து கிராம். இன்னும் நாற்பத்து நாலு பாக்கி. சாமி படத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். வளர்மதி வந்து, என் புருஷனை மாவுத் திருடன் ஆக்காதே என்று என்னிடம் சண்டைக்கு நின்றாள். நான் விடவில்லை. நாற்பத்து நாலு கிராம் எங்கே என்று இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 16, வியாழன்

எங்கே என்று தெரிந்துவிட்டது.

தட்டில் வைத்திருந்த குளம் ஓரமெல்லாம் சுருண்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. காய்ந்துவிட்டது. நாத்தனாரிடம் நான் பேசிய ஒன்றரை மணி நேரமும் மின்விசிறி முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. பெட்டியை ஈரமாக நிறுத்தேன், குளத்தைக் காயவைத்து நிறுத்தேன்.

இதை வேறு யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம். எங்கள் அப்பள வீட்டில் ஈர மாவை நிறுத்துக் கொடுப்பார்கள், காய்ந்த அப்பளத்தை எண்ணித்தான் வாங்குவார்கள். நிறுத்து வாங்கினால் நாங்கள் நாற்பது பேரும் திருடிகளாகி இருப்போம். புதிதாகச் சேர்கிற பெண்ணுக்கு முதல் நாள் காலையில் சொல்வதே அதைத்தான். சொன்னதே நான்தான்.

கதவை அடைத்து, விசிறியை நிறுத்தி, மாவின் மேல் ஈரத்துணி போட்டு மறுபடி செய்தேன். பெட்டி முந்நூறு. குளம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மிச்சம் நூற்றிரண்டு. கூட்டினால் முந்நூறு, ஒரு கிராம் பிசகவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டை ஆறால் பெருக்கினால் ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு சதுர அடி. பன்னிரண்டு கிண்ணம்.

பத்து இல்லை, பன்னிரண்டு. இரண்டு கிண்ணத்தில் என்ன ஆகிவிடப் போகிறது. மாப்பிள்ளைக்குப் பிடித்த கத்தரிக்காய் வதக்கல் வைத்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 17, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மே 18, சனி

இரண்டு கிண்ணத்தில் ஆகிவிடுகிறது.

பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மூலைகளில் பாசி இளம்பச்சையாகப் படர ஆரம்பித்திருக்கிறது. அந்தோணி பத்துக் கிண்ணத்தை எண்ணி எண்ணித்தான் போட்டிருக்கிறான், பாவம். அவனை இரண்டு பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி சார் மேலே பால்கனியில் கைகட்டி நின்றார். பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நாளைக்குப் பொதுக்குழு. ஏன் பச்சையாகிறது என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால், எழுபத்திரண்டு கட்டை விரலும் கீழே திரும்பும். குளத்தை நிறுத்தவள் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. சொல்லாவிட்டால் குளத்தில் மண்.

நான் படியில் ஏறும்போது ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடையைத் திரும்பக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அது உங்களுதுதானே அம்மா, என் பேர்ல நீங்கதானே ஆர்டர் போடச் சொன்னீங்க என்றாள். வளர்மதி பக்கத்திலேயே நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

மே 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நூறு பேருக்கு மேல் கேட்டுவிட்ட பிறகு நோட்டிடம் மறைத்து என்ன.

கீழ்த்தளத்துக் கூடத்தில் கூட்டம். தண்டபாணி சார் எழுந்து, இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றில் கண் எரிகிறது, ஒன்றில் பாசி பிடிக்கிறது, இனி மூடுவதுதான் மரியாதை என்றார். மாப்பிள்ளை பதில் சொல்ல எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். பெரிய சங்கத்துச் செயலாளரைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாதுதான்.

பத்துக் கிண்ணம் என்றது என் தப்பு, அந்தோணியைத் திட்டியவர்கள் என்னைத் திட்டுங்கள் என்றேன். போனில் பேசினதையும் மாவு காய்ந்ததையும் சொன்னேன். சரியான கணக்கு பன்னிரண்டு, இப்போதே எல்லார் கண் முன்னாலும் நிறுத்துக் காட்டுகிறேன் என்றேன். பிசைந்த மாவை ஈரத்துணியில் சுற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தேன்.

பிறகு, எல்லா மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னேன். ஜன்னலையும் சாத்தச் சொன்னேன்.

மே மாதத்தில் மூடிய கூடத்தில் நூறு பேர். இருபது நிமிஷம் ஆயிற்று. ஒரு மாமி முந்தானையால் விசிறிக்கொள்ள, காற்று இந்தப் பக்கம் வருகிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னேன். தண்டபாணி சார் தராசுக்கு நேராகக் குனிந்து நின்றார். அவர் மூக்கு நுனியிலிருந்து வேர்வை மாவின் மேல் சொட்டப் போனது. தள்ளி நில்லுங்க ஐயா, எடை கூடிரும் என்றேன். தள்ளி நின்றார்.

பெட்டி முந்நூறு. அவரே வாய்விட்டுப் படித்தார். வெட்டினேன். குளம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மிச்சத்தை நிறுத்தார், நூற்றிரண்டு. தன் பேனாவை எடுத்துக் கூட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு நூலை எடுத்து மாவுக் குளத்தின் ஓரத்தைச் சுற்றி வைத்தார், எடுத்து நீட்டிப் பார்த்தார், கடித்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கணக்குச் சரியாவே இருக்கட்டுங்கம்மா. ஒண்ணு கேக்கறேன். நீங்க நீந்தறவங்க இல்லீங்க. புடவையோட நாற்காலியில உக்காந்திருக்கறவங்க. உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு?"

சம்முவுக்காக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முழங்காலுக்குங்க ஐயா. முப்பத்தொரு வருஷம் கீழ உக்காந்து தேச்ச முழங்கால். தரையில பத்தடி நடந்தா நிக்கணும். தண்ணிக்குள்ள வலிக்கல. கழுத்து வரைக்கும் நின்னா, எனக்கு முழங்காலே இல்லாத மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா தினமும் எறங்குறேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடக்குறேன். ஒரு நாளு ஓடுனேன். மகளுக்குக்கூடச் சொல்லல. வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

விசிறி ஓடாததால் பின் வரிசை வரை கேட்டுவிட்டது.

பின் வரிசையிலிருந்து வளர்மதி, "ரெண்டு மாசமும் தெரியும்மா, ஈரப் புடவையைத் தினம் காயப்போடுறது நான்தான்" என்றாள். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

தண்டபாணி சார், பன்னிரண்டு கிண்ணத்துக்குப் பத்து நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவரே தீர்மானம் சொன்னார். விசிறியைப் போட வேண்டுமானால் கை தூக்குங்கள் என்று மாப்பிள்ளை கேட்டதாகவும், எல்லாக் கையும் அதனால்தான் ஒரே நேரத்தில் தூக்கப்பட்டதாகவும் பி பிளாக்கில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். முதலில் தீர்மானத்துக்குத்தான் தூக்கினார்கள்.

போகும்போது தண்டபாணி சார் மிச்ச மாவில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். என் தப்பை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் காதருகே சொல்லிவிட்டுப் போனார்.

மே 23, வியாழன்

பன்னிரண்டு கிண்ணம், நாலாம் நாள். மூலைப் பாசியை அந்தோணி தேய்த்து எடுத்துவிட்டான். தரையில் ஒட்டிய ஓடுகளின் கோடு தெரிகிறது. தண்டபாணி சார் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்க்கிறார். கிண்ணத்தை அவரும் எண்ணுகிறாராம்.

மே 29, புதன்

தண்ணீரைச் சோதிக்கும் மருந்து வந்தது. ஒரு சின்னக் குப்பியில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டான் அந்தோணி. அட்டையில் எந்த மஞ்சள் வர வேண்டும் என்று போட்டிருக்கிறதோ, அதே மஞ்சள். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை என்று தண்டபாணி சார் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவரே பூட்டைத் திறந்தார்.

நாளைக் காலை ஆறு மணி.

மே 30, வியாழன்

இறங்கினேன். வழுக்கவில்லை. இறங்கினேன்.

ஜூன் 1, சனி

சம்மு வந்துவிட்டாள். முகாமில் அவளுக்கு வெண்கலப் பதக்கம். நாற்பது பேரில் மூன்றாவது. நான் குளத்துக்குள் இருப்பதைப் பார்த்து, அம்மாச்சி நீங்களா என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளோடு போட்டி வைத்ததில் நான் தோற்றேன். அவளுக்கும் கால் நீளம்.

ஜூன் 2, ஞாயிறு

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் குளம் திறந்த செய்தியை மாப்பிள்ளை போட்டிருக்கிறார். நீச்சல் குளம், ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு சதுர அடி, கணக்கிட்டவர் திருமதி முத்துப்பேச்சி என்று பெயரோடு. எழுத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தண்டபாணி சார் கட்டை விரலைக் காட்டியிருக்கிறார், அதுவும் எல்லாருக்கும் முதலில்.

ஆனால் கூடவே போட்டிருக்கிற படம், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் மாவுத் தட்டோடு, கரையில் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், யாரோ ஒரு அம்மா காற்று வாங்குகிறது என்றுதானே. ஜெர்மனியிலிருந்து பிரணவ்கூட, என்ன அப்பத்தா, பலகாரமா என்று கேட்டு எழுதியிருக்கிறான்.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஆறேகாலுக்கு, பெண்கள் நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, ரெஹானாவிடம் போனைக் கொடுத்தனுப்புங்கள். கழுத்து வரை தண்ணீரில் நின்று நான் சிரிக்கிற மாதிரி ஒரு புதுப் படம் எடுக்கட்டும். உடை வெளுத்திருந்தாலும் தண்ணீருக்குள் தெரியாது. இந்த நாற்காலிப் படத்தை நீக்கிவிட்டு அதைப் போடுங்கள்.